கிரவல் அள்ளின காணியில தென்னை ஏன் சாகுது? செம்மண் லோட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க முதல் வாசியுங்கோ

மாங்குளம் பக்கத்தில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின்ட 2 ஏக்கர் காணியை, சண்டை முடிஞ்சு ரோட்டுப் போடேக்க ஒராளுக்கு கிரவல் அள்ளக் குடுத்தது. ஆறடி வரைக்கும் அள்ளிப்போட்டாங்கள். போன ஐப்பசியில 40 தென்னங்கண்டு வைச்சன், இப்ப 11தான் நிக்குது. 20 லோட் செம்மண் பறிச்சு லெவல் பண்ணினா எல்லாம் சரிவரும் எண்டு ஒரு தரகர் சொல்லுறார். செய்யலாமோ?"

செய்யாதேங்கோ. அட்வான்ஸ் குடுத்திட்டீங்களெண்டா திருப்பி வாங்கப் பாருங்கோ.

முதல்ல கணக்கைப் பாப்பம், தரகர் ஒருநாளும் கணக்குப் போட்டுக் காட்டமாட்டார். ஒரு டிப்பர் 3 கியூப் எண்டு வைச்சா 20 லோட் 60 கியூப், அதாவது 6,000 கன அடி. உங்கட 2 ஏக்கர் 87,120 சதுர அடி. பரவிப் பாத்தா ஒரு இஞ்ச் கூட வராது. அரையடி உயரத்துக்கு மண் வேணுமெண்டா கிட்டத்தட்ட 145 லோட் பறிக்கோணும், அந்தக் காசுக்கு வேற நல்ல காணியே வாங்கலாம். அதோட அந்த "செம்மண்" எங்கயிருந்து வருது? இன்னொருத்தற்ற காணியில கிடங்கு கிண்டித்தான். அதுவும் மேல்மண் இல்லை, அடிமண். பாக்க வடிவாச் சிவப்பா இருக்கும், அதில சத்து ஒண்டும் கிடக்காது. மண் ஏத்திறதுக்குப் பெர்மிட் இருக்கோ எண்டு கேளுங்கோ, கதை மாறும்.

சரி, கண்டு ஏன் செத்தது? செத்த ஒண்டை இழுத்து வேரைப் பாருங்கோ. கிடங்குக்குள்ளேயே சட்டியில வைச்ச பூக்கண்டு மாதிரிச் சுத்திச்சுத்தி ஓடியிருக்கும், நுனி கறுத்து அழுகின மணம் அடிக்கும். எங்கட பக்கத்துச் செங்கபில மண்ணில பயிருக்குச் சோறு போடுறது மேல கிடக்கிற அரையடி, முக்காலடி மண்தான். இலைகுழை மக்கினது, புழு, கறையான், வேர் ஓடின ஓட்டை எல்லாம் அதுக்குள்ளதான். உங்கட காணியில அதை முதலே வழிச்சு எறிஞ்சிட்டுத்தான் கிரவல் எடுத்தவங்கள். இப்ப நீங்கள் நிக்கிறது ஆறடிக்குக் கீழ இருந்த களிக்கல்லுத் தளத்தில, அதுக்கு மேல ஜேசிபியும் டிப்பரும் மாதக்கணக்கா ஓடி ரோட்டு மாதிரி இறுக்கியிருக்குது. மாரியில தண்ணி கீழ போகாது, சித்திரையில சீமெந்து. கண்டு கார்த்திகையில தாண்டு சாகுது, தப்பினது வெயிலில காயுது. பசளை காணாமல் சாகேல்லை. ஆனா பசளைக் கடையில கேட்டா ஒரு பையைத் தூக்கித் தந்துதான் விடுவினம், அது வேற கதை.

நம்பாட்டி அலவாங்கால குத்திப் பாருங்கோ. நாலு இஞ்ச் இறங்கினோடன "டங்" எண்டு கை நோகும். இல்லாட்டி பின்னேரம் ரெண்டடிக் கிடங்கு ஒண்டு வெட்டி ரெண்டு வாளி தண்ணி ஊத்திவிடுங்கோ, விடிய எழும்பிப் போய்ப் பாருங்கோ. தண்ணி அப்பிடியே நிண்டா, நீங்கள் கண்டு வைச்சது நிலத்தில இல்லை, தொட்டிக்குள்ள.

தரகர் சொன்ன "லெவல் பண்ணுறது" எண்ட கதைதான் எனக்கு ஆகலும் கோபம் வாற இடம். அமெரிக்காவில நிலக்கரி கிண்டின காணிகளுக்கு 1977ல சட்டம் போட்டவை, மேல்மண்ணைத் தனியா எடுத்து வைச்சுத் திரும்பப் பரவோணும், பழைய மேடுபள்ளம் மாதிரிக் கொண்டுவரோணும் எண்டு. நல்ல சட்டம்தான். ஆனா மெசினால திருப்பித் திருப்பித் தேய்ச்சு மட்டம் பண்ணின இடங்களில மரம் சரியா வளரேல்லை, அள்ளிக் கொட்டின மாதிரி லூசா விட்ட இடத்தில நல்லா வந்தது, பிறகுதான் அவையளுக்கே விளங்கினது. மட்டமா இருந்தா காணி விக்க வடிவு. வேருக்கு வடிவு தேவையில்லை.

அதனால காசு செலவழிக்கிறதெண்டா மண் வாங்கச் செலவழிக்காதேங்கோ, உடைக்கச் செலவழியுங்கோ. ஆவணி, புரட்டாதியில நிலம் காய்ஞ்சு கிடக்கேக்க, பெரிய மெசின்ல ரிப்பர் பல்லு (இறுகின நிலத்தைக் கீறுற இரும்புக் கொழு) போட்டு ரெண்டு, ரெண்டரை அடி ஆழத்துக்கு, சரிவுக்குக் குறுக்கால கீறுங்கோ. ஈரத்தில கீறினா கத்தியால வெண்ணெய் வெட்டின மாதிரிப் பூசுப்பட்டு மூடிப்போகும், காசு வீண். கீறினதுக்குப் பிறகு கட்டி கட்டியா அசிங்கமா கிடக்கும், கிடக்கட்டும், மெசின்காரன் "ஒருக்கா இழுத்து விடட்டோ அண்ணை" எண்டு கேப்பான், விடாதேங்கோ. அந்த முதல் மாரிக்கு தென்னை வேண்டாம். சணல், கௌபி விதைச்சு பூக்கிற நேரம் மடக்கி உழுங்கோ. வேலியில சீமைக்கிளுவை நட்டு குழை வெட்டித் தாழுங்கோ. ஆரிட்டயாவது மாடு ஆடு இருந்தா காணிக்குள்ள பட்டி அடைக்கச் சொல்லுங்கோ, ஒரு மாதம் அடைச்சா செய்யிற வேலையை எந்தப் பசளைப் பையும் செய்யாது. பிறகு மரமுந்திரிகை, பனை, வேம்பு. ரெண்டு மூண்டு வருசம் போகட்டும், தென்னையை அப்ப யோசிப்பம்.

மண் பரிசோதனை செய்யலாமோ எண்டு கேப்பீங்கள். செய்யலாம், ஆனா றிப்போட்டைப் பாத்து ஏமாறாதேங்கோ. லாப்ல மண்ணை 2 மில்லிமீட்டர் அரிதட்டில அரிச்சு, கீழ விழுந்த தூளைத்தான் சோதிக்கிறவை. உங்கட மண்ணில பாதி கல்லு, கல்லை அங்கால கொட்டிப்போட்டுத்தான் "சத்து நடுத்தரம்" எண்டு எழுதி வரும். கல்லுக்குள்ள சத்தும் இல்லை தண்ணியும் இல்லை, அப்ப உண்மையில கிடக்கிறது அதில பாதி. மாதிரி குடுக்கேக்க ஒரு வாளி மண்ணை அரிச்சு, கல்லு எவ்வளவு நிறை, தூள் எவ்வளவு நிறை எண்டு எழுதிக் குடுங்கோ. இன்னொண்டு, இன்ரநெற்றில பாத்திட்டுச் சுண்ணாம்பு கொட்டாதேங்கோ. அது நிலக்கரிச் சுரங்கக் காணியில கந்தகம் கலந்த கல்லு காத்துப்பட்டு அமிலமாகிறதுக்குச் சொல்லுற வைத்தியம். உங்கட வருத்தம் அதில்லை.

இதுக்கெல்லாம் ஒரேயொரு விதிவிலக்கு இருக்குது. காணி ஓரத்தில, எல்லைப் பக்கமா, பத்தை பிடிச்ச மண்மேடு ஏதும் கிடக்குதோ எண்டு போய்ப் பாருங்கோ. கிரவல் அள்ள முதல் மேல்மண்ணை வழிச்சு ஒதுக்கினவங்கள் எண்டா அது அங்கதான் கிடக்கும். மண்வெட்டியால குறுக்கால வெட்டிப் பாருங்கோ, கடும் கபிலமா, பழைய வேர்த்துண்டோட, மழை பெய்ஞ்ச மணத்தோட இருந்தா அதுதான் உங்கட அப்பாவின்ட காணி, மிச்சமெல்லாம் வெறும் தளம். நடுவில சாம்பல் நிறமா கெட்ட நாத்தம் அடிச்சா பயப்படாதேங்கோ, காத்துப் படாமல் கிடந்தது, வெளிய எடுத்து விரிச்சா மாறும். ஆனா உயிர் குறைஞ்சுதான் இருக்கும், எருவோட கலக்கோணும். முதல் கீறிப்போட்டுத்தான் அதைப் பரவோணும், கீற முதல் பரவினா தொட்டிக்குள்ள நல்ல மண் போட்ட கதைதான். எல்லா இடத்துக்கும் காணாது, அப்ப கண்டு வைக்கிற இடத்துக்கு மட்டும் போடுங்கோ. டிப்பர்காரன் வந்து "அண்ணை இது சும்மாதானே கிடக்குது, நான் ஃப்ரீயா துப்பரவாக்கி விடுறன்" எண்டுவான். அள்ளிக்கொண்டு போய் உங்களுக்கே லோட் கணக்கில திருப்பி விப்பான், நடந்திருக்குது.

கிரவல் லைசன்ஸ் எடுக்கிறவர் காணியைத் திருத்திக் குடுக்க எண்டு முதலே காசு கட்டித்தான் எடுக்கோணும். அந்தக் காசைக் கேட்டு நான் ஒரு காணிக்காரரோட ஒரு கந்தோருக்கு மூண்டு தரம் ஏறி இறங்கினன். முதல் நாள் ஃபைல் இல்லை, ரெண்டாம் நாள் ஐயா லீவு, மூண்டாம் நாள் "இது எங்கட பகுதியில்லை". கிண்டக் கையெழுத்து வைக்க எல்லாருக்கும் பகுதி இருக்குது, மூட ஒருத்தருக்கும் இல்லை. இருந்தாலும் லைசன்ஸ் குடுத்த கந்தோரிட்ட எழுத்தில கேளுங்கோ, பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி குடுங்கோ. அப்பாவின்ட பேரில இருக்கிறது பெர்மிட் காணியெண்டா (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்தது) அண்டைக்கு அனுமதியோடதான் குடுத்ததோ எண்டதையும் பாருங்கோ, இல்லாட்டி கேள்வி உங்களிட்டத்தான் திரும்பும்.

வெளி மண் பறிச்ச இடமோ, கிண்டாத ஓரமோ இருந்தா, அங்க மெசின் விட முதல் மிதிவெடி அகற்றின இடம்தானோ எண்டு கிராம சேவையாளரிட்ட கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

நிக்கிற 11 கண்டையும் பிடுங்கவேண்டாம். மழைக்கு முதல் ஒவ்வொரு கிடங்கிலயும் இருந்து பள்ளப் பக்கமா, கிடங்கின்ட அடி மட்டத்துக்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி தண்ணியை வெளிய விடுங்கோ. தை பிறந்தோடன வாய்க்காலின்ட வாயை மூடி, கண்டின்ட அடியில வைக்கோல் போடுங்கோ.