பைஜாமாவும் பிரஸ் கார்டும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் சிபிஎஸ் டிவியில் செய்தி வாசித்த டான் ராதர், அதிபர் புஷ் பற்றிக் காட்டிய தாள்கள் போலி என்று கிளம்பிய விவகாரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வீட்டில் உட்கார்ந்திருந்த சில வலைப்பதிவர்கள் சிபிஎஸ் மாதிரி ஒரு பெரிய நிறுவனத்தைத் தலைகுனிய வைத்ததை ரசித்து எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு நாளிதழில் பல வருடங்களாகத் துணை ஆசிரியர். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நிருபர் நாலு பேருக்குப் போன் போட்டு, வாசலில் காத்துக் கிடந்து, ஒரு வரி வாங்கி வருகிறார். வலைப்பதிவர் அதே செய்தியை எடுத்துப் போட்டு, கீழே ‘பொய்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். அவர் யாருக்குப் போன் செய்தார்? அவர் எழுதியதை யார் சரிபார்த்தார்கள்? நாங்கள் தப்பு செய்தால் மறுநாள் திருத்தம் போடுகிறோம், சில சமயம் வேலையும் போகிறது. அவர்களுக்கு என்ன போகிறது? செய்தி கொடுத்தவர் பெயரைச் சொல் என்கிறார்கள். முடியாது என்றால், அப்படி ஓர் ஆளே இல்லை என்கிறார்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு உங்கள் கட்சிக்கு வலுவான ஒரு சம்பவமே இருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன் சிபிஎஸ் கதையை வலைப்பதிவர்கள் பக்கம் நிற்காமல், உங்கள் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடலாம்.

2004 செப்டம்பர் 8. அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில், இளவயதில் டெக்சாஸ் ஏர் நேஷனல் கார்டில் (மாநிலத்தின் ரிசர்வ் விமானப் படை) இருந்த புஷ் மேலிடத்து உத்தரவுகளை மதிக்கவில்லை, அவருக்குச் சலுகை காட்டப்பட்டது என்று சொல்லும், 1972-73 தேதியிட்ட குறிப்புகளை டான் ராதர் காட்டினார். எழுதியவர் புஷ்ஷின் அந்தக் கால மேலதிகாரி ஜெர்ரி கில்லியன் என்றார்கள். கில்லியன் 1984-இலேயே இறந்துவிட்டார். தயாரிப்பாளர் மேரி மேப்ஸ். முதல் இரண்டு தாள்கள் அவர் கைக்கு வந்தது செப்டம்பர் 2, மீதி 5-ஆம் தேதி. மூன்றே நாளில் ஒளிபரப்பு.

வந்தவை எல்லாம் ஜெராக்ஸ். அசல் இல்லாததால் மையையும் தாளையும் சோதிக்க வழியில்லை. கொடுத்தவர் பில் பர்க்கெட் என்ற முன்னாள் கார்டு அதிகாரி, புஷ்ஷை வெளிப்படையாக எதிர்த்து வந்தவர். உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டதற்கு ஒரு பெயரைச் சொன்னார். அந்த ஆளைப் பிடித்து உறுதி செய்யவில்லை. ஒளிபரப்புக்குப் பிறகு, தான் சொன்ன பெயர் பொய் என்று பர்க்கெட்டே ஒப்புக்கொண்டு வேறொரு கதை சொன்னார்.

நிபுணர்களைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். நான்கு பேர். அவர்களில் இருவர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகத்தைச் சொல்லிவிட்டார்கள். மார்செல் மேட்லி என்பவர் கையெழுத்தைப் பார்த்து அது கில்லியனுடையதுதான் என்றார். ஆவணம் முழுக்க அசல் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நிகழ்ச்சியில், கையெழுத்து ஆய்வாளரும் ஆவண நிபுணருமான ஒருவர் இவற்றை உண்மையானவை என்று நம்புவதாக ராதர் சொன்னார். அப்புறம், பாபி ஹாட்ஜஸ் என்ற ஓய்வுபெற்ற ஜெனரலுக்குப் போனில் குறிப்புகளைப் படித்துக் காட்டினார்கள். அவர் தலையாட்டியதை உறுதிப்படுத்தல் என்று எடுத்துக்கொண்டார்கள். தாளைக் கண்ணால் பார்த்த பிறகு இது போலி என்றார் அதே ஹாட்ஜஸ். ஒளிபரப்பு அன்று காலை வெள்ளை மாளிகையிடம் காட்டியபோது அவர்கள் மறுக்கவில்லை. மறுக்கவில்லை, ஆகவே உண்மை. இந்தத் தர்க்கத்தை நீங்கள் எத்தனை இரவு டெஸ்க்கில் கேட்டிருப்பீர்கள்!

நீங்கள் சொன்ன அத்தனையையும் அவர்கள் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். போன் போட்டார்கள், நிபுணரைக் கேட்டார்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்திவிட்டு முழுசாகச் செய்த மாதிரி சொன்னார்கள்.

இப்போது பைஜாமாக்காரர்கள், அதாவது வலைப்பதிவர்கள் (பெயர்க் காரணம் பின்னால் வரும்). அன்று இரவே ‘ஃப்ரீ ரிபப்ளிக்’ தளத்தில் ஒருவர் எழுதினார். இந்தத் தாள்களில் எழுத்துகளின் அகலம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, 1972-இல் தட்டச்சு யந்திரத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான், ஆகவே இது கள்ளத்தாள் என்பது அவர் வாதம். மறுநாள் ‘பவர்லைன்’ என்ற வலைப்பதிவு அதை எடுத்துப் போட்டது. வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்ததை ஆளுக்கொன்றாக அனுப்ப ஆரம்பித்தார்கள். ‘லிட்டில் கிரீன் ஃபுட்பால்ஸ்’ என்ற வலைப்பதிவை நடத்திய சார்லஸ் ஜான்சன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 1973 ஆகஸ்ட் 18 தேதியிட்ட குறிப்பை மைக்ரோசாஃப்ட் வேர்டில் எந்த அமைப்பையும் மாற்றாமல் அப்படியே தட்டினார். டைம்ஸ் நியூ ரோமன், அது தானாகத் தரும் ஓரம், தானாக உடைக்கும் வரி. அதை சிபிஎஸ் காட்டிய தாளின் மேல் வைத்து மாற்றி மாற்றி மின்ன விட்டார். வரிகள் உடைந்த இடங்கள்கூடப் பொருந்தின. கம்ப்யூட்டர் வைத்திருந்த யாரும் வீட்டில் உட்கார்ந்தபடி இதைத் தானே செய்து பார்க்க முடிந்தது.

உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் ஆள் சொன்னது அப்படியே சரியல்ல. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் தட்டச்சு யந்திரங்கள் 1972-க்கு வெகு முன்பே இருந்தன, ஐபிஎம் எக்சிகியூட்டிவ் அப்படிப்பட்டதுதான். ஒரு அலுவலகக் குறிப்புக்கு அதைப் பயன்படுத்தியிருப்பார்களா என்பதுதான் சரியான கேள்வி. அவர் எழுதியது உங்கள் டெஸ்க்குக்கு வந்திருந்தால் நீங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள், அனுப்பியிருக்கவும் வேண்டும். ஆனால் நிறுவிய ஆதாரம் அவர் சொன்னது இல்லை, அடுத்தவர்கள் வந்து திருத்தி, தட்டிப் பார்த்துக் காட்டியது.

அந்த நாட்களில்தான் சிபிஎஸ் செய்திப் பிரிவின் முன்னாள் நிர்வாகி ஜொனாதன் க்ளைன், பல அடுக்குச் சரிபார்ப்பு உள்ள ‘60 மினிட்ஸ்’ எங்கே, வீட்டு வரவேற்பறையில் பைஜாமாவோடு உட்கார்ந்து தோன்றியதை எழுதுகிற ஆள் எங்கே என்கிற மாதிரி டிவியில் பேசினார். நம்மூர்க்காரராக இருந்தால் லுங்கி என்றிருப்பார். வலைப்பதிவர்கள் அந்தச் சொல்லையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு, ஜான்சனும் இன்னொருவரும் தொடங்கிய நிறுவனத்துக்கு ‘பைஜாமாஸ் மீடியா’ என்று பெயர் வைத்தார்கள். சிபிஎஸ் 12 நாள் தாக்குப்பிடித்துவிட்டு, செப்டம்பர் 20 அன்று ஆவணங்களின் உண்மைத்தன்மையை நிரூபிக்க முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டது. மறுநாளே திருத்தம் போடுகிறோம் என்றீர்களே, அதனால் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு ஆள் உண்டு. கில்லியன் காலத்து அலுவலகச் செயலர் மேரியன் கார் நாக்ஸ், அப்போது வயது 86. ‘டல்லஸ் மார்னிங் நியூஸ்’ நிருபர்கள் அவரைத் தேடிப் பிடித்தார்கள். இந்தத் தாள்களை நான் தட்டச்சு செய்யவில்லை, இவை அசல் இல்லை, ஆனால் இதில் இருப்பது கில்லியன் அப்போது நினைத்ததுதான் என்றார் அவர். இதை எந்த எழுத்துருவும் சொல்லியிருக்காது. போலித் தாள் என்பதை வேர்டில் தட்டிக் கண்டுபிடிக்கலாம். தாளில் சொன்ன விஷயம் நடந்ததா என்பதற்கு ஒரு பாட்டி வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

நான் சொல்ல நினைப்பதும் அதுதான். இரண்டு கூட்டமும் ஆதாரம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பொருள்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நிருபருக்கு ஆதாரம் என்றால் ஆள். வலைப்பதிவருக்கு, வாசகன் தானே பார்க்கக்கூடிய பொருள். பொருள் திரையில் இருக்கும்போது வலைப்பதிவர்களை மிஞ்ச ஆளில்லை. 2006 ஆகஸ்டில் லெபனான் போரின்போது, பெய்ரூட்டில் குண்டு விழுந்து எழுந்த புகையை ராய்ட்டர்ஸ் வெளியிட்ட படம் ஒன்றில், ஒரே புகைச்சுருளை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள். அம்பலப்படுத்தியவர் அதே ஜான்சன். ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

இந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள் அதே வட்டாரம் இன்னொன்றில் இறங்கியது. நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதில்தான். 2006 நவம்பரில் பாக்தாதின் ஹுரியா பகுதியில் தொழுகை முடித்து வந்த ஆறு சுன்னிகளை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள் என்று ஏபி செய்தி நிறுவனம் செய்தி வெளியிட்டது. சொன்னவர் போலீஸ் கேப்டன் ஜமீல் ஹுசைன். இங்கே பெயர் மறைக்கப்படவே இல்லை! அப்படி ஒரு அதிகாரி எங்களிடம் இல்லை என்றது இராக் உள்துறை. போதாதா? வாரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள். ஜமீல் ஹுசைன் என்று ஒருவர் இல்லை, ஏபி கற்பனை செய்திருக்கிறது, இல்லையென்றால் எதிரிக் கும்பலின் ஆளிடம் ஏமாந்திருக்கிறது. இரண்டு வருடமாக அவரைத் தெரியும், அவருடைய அலுவலகத்திலேயே போய்ப் பார்த்திருக்கிறோம் என்று ஏபி சொன்னது எடுபடவில்லை. 2007 ஜனவரியில் அதே உள்துறை, அப்படி ஒரு அதிகாரி இருக்கிறார், கத்ரா காவல் நிலையத்தில் வேலை செய்கிறார் என்று ஒப்புக்கொண்டது. பத்திரிகைகளோடு பேசியதற்காக அவரைக் கைது செய்யப்போவதாகவும் சேர்த்துச் சொன்னது.

எழுத்துருவைப் பிடித்த கண்ணுக்கு இது ஏன் பிடிபடவில்லை? அமெரிக்காவில் உட்கார்ந்து பாக்தாத் போலீஸ்காரரைத் தட்டிப் பார்க்க வழியில்லை. கையில் இருந்தது அரசாங்கத்தின் மறுப்பு ஒன்றுதான். ராதரை நம்பாதே என்று முழங்கியவர்கள், சொந்த அதிகாரியைப் பத்திரிகையோடு பேசவிடாத ஓர் அமைச்சகத்தின் வார்த்தையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். முதல் செய்தியில் மசூதிகள் எரிக்கப்பட்டது பற்றி இருந்தவை கேள்விக்குள்ளாயின, அந்த விமர்சனம் வேறு. ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் பலர் சத்தமில்லாமல் மசூதி விஷயத்துக்குத் தாவினார்கள். உங்கள் ‘அவர்களுக்கு என்ன போகிறது’ என்ற கேள்விக்கு இந்தச் சம்பவத்தில் பதில்: ஒன்றும் போகவில்லை.

இதை வைத்து வலைப்பதிவர்கள் போன் செய்வதில்லை என்று எழுதிவிடாதீர்கள். அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் பதவி நீக்கப்பட்ட விவகாரத்தைத் தோண்டி எடுத்ததற்காக ஜோஷ் மார்ஷலின் ‘டாக்கிங் பாயின்ட்ஸ் மெமோ’ வலைப்பதிவு 2007-ஆம் ஆண்டுக்கான போல்க் இதழியல் விருது வாங்கியது. அவர்களும் போன் போட்டார்கள், நீதித்துறை கொட்டிய ஆயிரக்கணக்கான பக்கங்களை வாசகர்களிடம் கொடுத்தும் படிக்க வைத்தார்கள்.

சரி, பெயரைச் சொல் என்கிறவனுக்கு என்ன பதில்? பெயரைத் தர வேண்டியதில்லை. ஜமீல் ஹுசைனுக்கு நடந்ததே போதுமான காரணம். ஆனால் என்ன சரிபார்த்தோம், எதைச் சரிபார்க்க முடியவில்லை என்பதை மறைக்க எந்தக் காரணமும் கிடையாது. எங்களிடம் இருப்பது ஜெராக்ஸ், நிபுணர் பார்த்தது கையெழுத்தை மட்டும், இரண்டு பேர் சந்தேகப்பட்டார்கள் என்று ராதர் அன்றைக்கே சொல்லியிருந்தால் யார் பெயரும் வெளியே வந்திருக்காது. அப்படிச் சொன்னால் செய்தியே நிற்காது என்கிறீர்களா? அப்போது அதை ஒளிபரப்பியிருக்கக் கூடாது.

பர்க்கெட்டின் பெயரை மேப்ஸ் வெளியே சொல்லாததில் எனக்குக் குறை இல்லை. பர்க்கெட்டுக்குக் கொடுத்தவரைப் போய்ப் பார்த்தாயா என்று அலுவலகத்துக்குள்ளேயே யாரும் நெருக்கிக் கேட்கவில்லை. சிபிஎஸ் அமைத்த தோர்ன்பர்க்–பொக்கார்டி விசாரணைக் குழு 2005 ஜனவரியில் தந்த அறிக்கையின் பெரும்பகுதி இந்த மாதிரிக் கேள்விகள்தான். ஆவணங்கள் போலியா என்று அந்தக் குழு முடிவாகச் சொல்லவே இல்லை. மேப்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். ராஜினாமா செய்யச் சொல்லப்பட்ட மற்ற மூன்று பேரும், அவர் கொண்டுவந்ததைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.