அவர் கடன் என் தலையில் விழுமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் பத்து வயது மகளுடன் வாடகைக்கு இருக்கிறேன். விவாகரத்து ஆகி நான்கு வருடம். பள்ளிக்கூட கேன்டீனில் பகுதிநேர வேலை, பற்றாததற்கு யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை. முன்னாள் கணவரோடு இருந்த காலத்தில் டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய அரசு உதவியைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டதாக 2,340 பவுண்டு கடன் காட்டி, மாதாமாதம் பிடிக்கிறார்கள். இப்போது ஒருவரை மணக்க இருக்கிறேன். டெலிவரி டிரைவர், ஹாரோவில் அறை எடுத்திருக்கிறார். அவருக்கும் 1,100 பவுண்டு பழைய ஹவுசிங் பெனிஃபிட் (வாடகை உதவி) கடன் உண்டு. ஐந்து மாதமாக வாரத்தில் மூன்று இரவு இங்கே தங்குகிறார். அடுத்த மாதம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவார், பதிவுத் திருமணம் பிறகுதான். அவர் கடன் என் தலையிலும் என் கடன் அவர் தலையிலும் விழுமா? பதிவு முடியும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார் அக்கா.

பதில்: முதலில் அக்காவின் யோசனையை ஓரமாக வையுங்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் இரண்டு கடன்களையும்விட, அந்த யோசனையால் வரக்கூடிய மூன்றாவது கடன்தான் எனக்குப் பயம்.

யூனிவர்சல் கிரெடிட்டுக்குத் தாலியும் கணக்கில்லை, பதிவுச் சான்றிதழும் கணக்கில்லை. ஒரே வீட்டில் கணவன் மனைவிபோல வாழ்கிறீர்களா என்பது மட்டும்தான் கேள்வி. அவர் பெட்டியோடு வந்து இறங்கும் நாளிலிருந்து நீங்கள் ஜோடி. உங்கள் தனிக் கணக்கு முடிந்து கூட்டுக் கணக்கு தொடங்க வேண்டும். சொல்லாமல் விட்டால் வாங்கும் ஒவ்வொரு மாதப் பணமும் திரும்பக் கட்ட வேண்டிய பணம்தான். 2012ஆம் ஆண்டின் நலச் சட்டத்தின்படி யூனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாக வந்த எதையும் திரும்பக் கேட்கலாம், தவறு அலுவலகத்தின் பக்கம் இருந்தாலும்கூட. அதோடு 50 பவுண்டு அபராதம் போடலாம். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவெடுத்தால், வழக்குக்குப் பதிலாகக் கூடுதல் தொகையில் பாதியைத் தண்டமாகக் கேட்பார்கள். குறைந்தது 350, அதிகபட்சம் 5,000 பவுண்டு.

சரி, கடந்த ஐந்து மாதம்? 'மூன்று இரவு வரை தங்கலாம்' என்று நம் ஆட்கள் மத்தியில் ஒரு கணக்கு உலவுகிறது. அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரே குடித்தனமா, உறவு எவ்வளவு நிலையானது, பணம் கலக்கிறதா, தாம்பத்திய உறவு உண்டா, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள், ஊரார் முன் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று ஆறு விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். எந்த ஒன்றும் தனியாக முடிவு சொல்லாது. அவருக்கு ஹாரோவில் அறை இருக்கிறது, வாடகை கட்டுகிறார், கடிதமும் வங்கி விவரமும் அங்கேதான் போகின்றன என்றால், இதுவரை நீங்கள் ஜோடி இல்லை என்று தைரியமாக வாதிடலாம். அவருடைய வாடகை ரசீதுகளைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் அந்த அறையை அவர் எப்போதோ விட்டுவிட்டு, முகவரியை மட்டும் வைத்திருக்கிறார் என்றால் கதை வேறு. அப்படியென்றால் எனக்கு எழுதிய கடிதத்தில் அது விடுபட்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. சட்டப்படி அவர் கடன் அவருடையது, உங்கள் கடன் உங்களுடையது. தாலி கட்டியதால் எதுவும் இடம் மாறாது. நாளை பிரிந்தாலும் அவரவர் கடன் அவரவர் பின்னால்தான் போகும். ஆனால் வீட்டுக்கு வரும் பணம் இனி ஒரே பணம். கூட்டுக் கணக்கில் வரும் யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து இருவர் கடனையும் பிடிப்பார்கள். கடன் அவர் பேரில் இருக்கும், ஆனால் உங்கள் மகளின் சப்பாத்துக் காசும் சேர்ந்துதான் குறையும்.

எவ்வளவு பிடிப்பார்கள்? 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து அடிப்படைத் தொகையில் 15 சதவீதம்தான் பொதுவான உச்சவரம்பு. அதற்கு முன் 25 ஆக இருந்தது. 2025-26 கணக்குப்படி 25 வயதைத் தாண்டிய தனி ஆளுக்கு அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு, பிடிக்கக்கூடியது சுமார் 60. ஜோடிக்கு 628.10, பிடிக்கக்கூடியது சுமார் 94. இரண்டு தனி ஆட்கள் தனித்தனியே வாங்கினால் 800க்கு மேல் வரும் என்பதையும் பாருங்கள். சேர்ந்து வாழ்வதால் வரவு குறைகிறது, உங்கள் கணக்கில் பிடிப்பதும் 60லிருந்து 94 வரை ஏறலாம். முதல் மாதம் கணக்கைப் பார்த்து அதிர வேண்டாம். அந்த 94 கட்டுப்படியாகவில்லை என்றால் யூனிவர்சல் கிரெடிட் கொடுக்கும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யின் கடன் பிரிவைக் கூப்பிட்டு, வரவு செலவைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். வாய் திறந்து கேட்டால்தான் குறைப்பார்கள்.

அவர் சம்பளத்தைச் சேர்த்தால் உங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டே வராமல் போகலாம். அப்போது நீதிமன்றம் போகாமலே முதலாளிக்கு எழுதிச் சம்பளத்திலிருந்து பிடிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கடன் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய சம்பளத்தில் மட்டும்தான். உங்கள் டாக்ஸ் கிரெடிட் கடனுக்கு அவருடைய சம்பளத்தைத் தொட முடியாது. இப்படிப் பல பிடித்தம் இருந்தாலும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம் கையில் மிஞ்ச வேண்டும். முதலாளிக்குக் கடிதம் போவதற்கு முன்பே, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று நீங்களே பேசி முடிப்பது மரியாதைக்கும் நல்லது.

உங்கள் 2,340 பவுண்டில் எனக்கு ஒரு சந்தேகம். அது கூட்டாக வாங்கிய டாக்ஸ் கிரெடிட். சட்டத்தில் இருவருக்கும் சேர்ந்த பொறுப்பு என்றாலும், பிரிந்தவர்களிடம் ஆளுக்குப் பாதி கேட்பதுதான் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் வழக்கம். இந்தத் தொகை உங்கள் பாதியா, முழுதுமா? எந்த வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். முழுதும் உங்கள் பேரில் ஏறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உங்களை மணக்க இருப்பவரின் ஹவுசிங் பெனிஃபிட் கடனுக்கு விதி கொஞ்சம் இளக்கமானது. கவுன்சிலின் தவறால் வந்தது, கூடுதல் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை என்றால் அதைத் திரும்பக் கேட்கவே முடியாது. பழைய முடிவுக் கடிதத்தைத் தேடிப் பாருங்கள்.

அவர் வந்து இறங்கும் நாளன்றே யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் மாற்றத்தைப் பதியுங்கள். உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும், அதைக் கொண்டு அவர் தன் கணக்கை இணைக்க வேண்டும். அவருடைய சேமிப்பும் அப்போது எண்ணப்படும். இருவருக்கும் சேர்த்து 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒரு பென்னிகூடக் கிடையாது. சீட்டு எடுத்த பணம், ஊரில் வாங்கிப்போட்ட காணி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சொத்து எண்ணப்படாது என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

சொல்லத் தாமதமாகி புதிதாகக் கூடுதல் கடன் என்று கடிதம் வந்தால், ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதில் தெளிவாக எழுதுங்கள்: இதே காலத்தில் ஜோடியாகக் கேட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவு வந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள் என்று. பலர் இதைக் கேட்காமலே முழுத் தொகையையும் கட்டுகிறார்கள்.

அப்புறம் கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி. தனி ஆள் என்று உங்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும். ஜாப் சென்டரில் சொன்னதால் கவுன்சிலுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதே நாள் அங்கேயும் தனியாகச் சொல்லுங்கள்.