மார்க் மேரன் மாதிரி 40 வயசுக்கு மேல ஐடி வேலையை விட்டுட்டு ஸ்டாண்ட்-அப், போட்காஸ்ட்னு போகலாமா?

உங்க கேள்வில மார்க் மேரன்ங்கற அமெரிக்கக் காமெடியன் பேரைப் பார்த்ததும் தாண்டிப் போக முடியல. இதே பேரைச் சொல்லித்தான் என் மச்சான் என் உயிரை வாங்கறான். "மாமா, அந்த மனுஷன் 45 வயசுல கராஜ்ல மைக்கைப் போட்டு ஆரம்பிச்சு ஒபாமாவையே வீட்டுக்கு வரவெச்சாரு, நீங்க இன்னும் ஓப்பன் மைக்குன்னு அலையறீங்க"ன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அத்தனை பேர் முன்னாடி. (ஓப்பன் மைக்னா, பேர் குடுத்தா யார் வேணா மேடை ஏறலாம்.) அவன் பார்த்தது ஒரு நிமிஷ ரீல்ஸ். நீங்களும் அதே மாதிரி ஏதோ ஒண்ணைப் பார்த்துட்டு, நைட்டு தூக்கம் வராம டைப் பண்ணியிருக்கீங்கன்னு தோணுது ப்ரோ, தப்பா எடுத்துக்காதீங்க.

மேரன் 45 வயசுல பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கல. அதுதான் விஷயமே. ஆள் 1963ல ஜெர்சி சிட்டில பிறந்தவர் (நான் இப்ப குடியிருக்கற ஊரு, அதனால கொஞ்சம் பாசம் ஜாஸ்தி), வளர்ந்தது நியூ மெக்சிகோல ஆல்புகர்க். பாஸ்டன்ல காலேஜ் முடிச்சிட்டு எண்பதுகள்லயே லாஸ் ஏஞ்சல்ஸ் போய் காமெடி ஸ்டோர்ங்கற கிளப்ல வாசல்ல நிக்கற வேலை பார்த்தவர். அங்க சாம் கினிசன்னு ஒரு பெரிய காமெடியன், அவர் செட்டோட சேர்ந்து கொக்கைன், கடைசில காதுல யாரோ பேசற மாதிரி கேக்க ஆரம்பிச்சு ஊரைக் காலி பண்ணிட்டுப் போனார். திரும்ப பாஸ்டன், அப்புறம் நியூயார்க், வருஷக்கணக்கா கிளப் கிளப்பா ஏறினார். போதையை முழுசா விட்டதே 1999லதான்.

இதுக்கு நடுவுல 1995ல சாட்டர்டே நைட் லைவ்ங்கற டிவி காமெடி ஷோவுல சேர, அதோட ப்ரொட்யூசர் லோர்ன் மைக்கேல்ஸைப் பார்க்கப் போறார். அமெரிக்கக் காமெடில அந்த ரூமுக்குள்ள போறதே பெரிய விஷயம். மேஜை மேல ஒரு கிண்ணத்துல மிட்டாய், இவர் ஒண்ணை எடுக்கறார், எடுத்த உடனே மைக்கேல்ஸ் பக்கத்துல இருந்தவரைப் பார்த்த பார்வைல 'போச்சு, நாம அவுட்டு'ன்னு முடிவு பண்ணிட்டார். வேலை கிடைக்கல. அந்த மிட்டாயை மனசுல வெச்சுக்கிட்டு 20 வருஷம் புழுங்கி, போட்காஸ்ட்ல எத்தனையோ கெஸ்ட் கிட்ட அதைப் பத்தியே கேட்டு, கடைசில 2015ல மைக்கேல்ஸையே உக்கார வெச்சு நேரா கேட்டார். மைக்கேல்ஸுக்கு அப்படி ஒரு பரீட்சை வெச்சதாவே நினைப்பு இல்ல. இதைக் கேட்டப்ப நான் டர்ன்பைக்ல வண்டி ஓட்டிட்டு இருந்தேன், எக்ஸிட்டை விட்டுட்டேன்.

சரி, 2009. ஏர் அமெரிக்கான்னு ஒரு ரேடியோ நெட்வொர்க், அங்க இருந்து வேலை போச்சு. ரெண்டாவது கல்யாணமும் முறிஞ்ச நேரம். ஆனா ஆபீஸ் கார்டை இன்னும் யாரும் பிளாக் பண்ணல, அதனால அவரும் ப்ரொட்யூசர் பிரெண்டன் மெக்டொனால்டும் ராத்திரில உள்ள போய் அதே ஸ்டுடியோல ரெக்கார்ட் பண்ணி டபிள்யூடிஎஃப்ங்கற போட்காஸ்டை அந்த செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க. லாஸ் ஏஞ்சல்ஸ் ஹைலேண்ட் பார்க் வீட்டு கராஜ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். முதல் கெஸ்ட்டுங்க யாருன்னு நினைக்கறீங்க? பெரும்பாலும் 20 வருஷமா கூட மேடை ஏறினவங்க. இவர் பொறாமைப்பட்டவங்க, சண்டை போட்டவங்க. பழைய கணக்கைத் தீர்க்கற மாதிரி, பாதி எபிசோட்ல மன்னிப்பு கேட்டுட்டு இருப்பார். 2010ல நடிகர் ராபின் வில்லியம்ஸ் வீட்டுக்கே போய் எடுத்த பேட்டியை 2022ல அமெரிக்க அரசோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்ல சேர்த்தாங்க. போதை, சாவுன்னு வில்லியம்ஸ் அவ்வளவு மனசு விட்டுப் பேசினது எதிர்ல உக்காந்திருக்கவரும் அதே கிணத்துல விழுந்து எழுந்தவர்ங்கறதாலதான். அந்தத் தகுதி நீங்க வாங்கப்போற 400 டாலர் மைக்ல வராது. எனக்கும் வரல.

என் கதைக்கு வர்றேன். ஸ்டாண்ட்-அப்ல எனக்கு ஆசை வந்ததே இந்தப் போட்காஸ்ட் கேட்டுத்தான். மன்ஹாட்டன்ல ஒரு கிளப்ல ஸ்பாட் கிடைச்சுது. கிடைச்சுதுன்னா, ப்ரிங்கர் ஷோ. நாமளே அஞ்சாறு பேரைக் கூட்டிட்டு வரணும், அவங்க ஆளுக்கு டிக்கெட் எடுக்கணும், அதுக்கு மேல ரெண்டு ட்ரிங்க் கட்டாயம், தண்ணியா இருந்தாலும் காசு. பதிலுக்கு நமக்கு அஞ்சு நிமிஷம். எங்க டீம்ல ஒரு ரெட்டிகாரு சுத்த சைவம், சரக்கு தொடாதவர், எனக்காக ரெண்டு க்ரான்பெர்ரி ஜூஸுக்கு தண்டம் அழுதார். நான் விசா ஜோக்கா எழுதி வெச்சிருந்தேன். 221ஜி ஸ்லிப் (விசா இண்டர்வியூல உடனே விசா குடுக்காம நிறுத்தி வெச்சுக் கையில தர்ற கலர் சீட்டு) பத்தி ஒண்ணு, நம்ம ஆளுங்க ரெண்டு டேபிள் குலுங்கிச் சிரிச்சாங்க, மத்தவங்க எல்லாம் ஏதோ துக்கம் விசாரிக்க வந்த மாதிரி பார்த்தாங்க. பின்னாடி இருந்து லைட் அடிச்சாங்க, ஒரு நிமிஷம்தான் இருக்குன்னு அர்த்தம், எனக்கு அந்த ஒரு நிமிஷமும் வேண்டாம்னு ஆயிடுச்சு.

ஆனா விடல. வாராவாரம் ஓப்பன் மைக் போறேன், அங்க உக்காந்திருக்கறதே மத்த காமெடியனுங்கதான், அவனவன் போன்ல தன் ஜோக்கைப் பார்த்துட்டு இருப்பான். இப்ப அந்த விசா ஜோக்குக்கு வெள்ளக்காரங்களும் சிரிக்கறாங்க. ஸ்லிப் கலரை எடுத்துட்டு, அதை வாங்கிட்டு எங்கம்மாவுக்கு போன் பண்ணதை உள்ள வெச்சேன், அவ்வளவுதான் மாத்தினது. இதுக்கு எனக்கு வருஷம் ஆச்சு. 'நாலு தமிழ் யூட்யூபர் ஆறு மாசத்துல பெரிய ஆளாகல?'ன்னு கமெண்ட்ல கேக்கப்போறவங்களுக்கு, ஆகலாம் சார், ஆகட்டும், எனக்கு ஆகல.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லதான். இங்க ஒரு தமிழ்ச்சங்கம், பேர் வேண்டாம், பொங்கல் விழாவுக்கு ஊர்ல இருந்து பாடகருக்கு ஃப்ளைட், ஹோட்டல், மேடைல பொன்னாடை. என்னை 'நம்ம பையன்தானே'ன்னு பரதநாட்டியத்துக்கும் ராஃபிள் குலுக்கலுக்கும் நடுவுல ஏத்தினாங்க. நான் பேசிட்டு இருக்கும்போதே செயலாளர் வந்து காதுல "சார், சாம்பார் ரெடி, சீக்கிரம் முடிங்க"ன்னார். மைக் அதையும் பிடிச்சிருச்சு. அன்னைக்கு எனக்கு விழுந்த பெரிய சிரிப்பே அதுக்குத்தான். அதுக்கும் மேல என் வீட்டம்மாவுக்கு சாப்பாட்டு டோக்கன் நானே 25 டாலர் குடுத்து வாங்கினேன். காசு கேக்கல நான், எச்1பில (கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசா) இருக்கறவன் கேக்கவும் முடியாது, ஆனா ஒரு டோக்கன்?

அந்த எச்1பிதான் உங்களுக்கு நான் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம். நீங்க எந்த ஊர்ல, எந்த விசால இருக்கீங்கன்னு எழுதல. அமெரிக்கால எச்1பின்னா ஸ்பான்சர் பண்ண கம்பெனி தவிர வேற இடத்துல வேலை பார்த்து சம்பாதிக்கக் கூடாது. கிளப்ல காசு வாங்கறதும் சரி, போட்காஸ்ட்ல விளம்பரம் போடறதும் சரி, முதல்ல லாயர் கிட்ட கேளுங்க. வேலையை விட்டா அதிகபட்சம் 60 நாள்தான் டைம், அதுக்குள்ள வேற வழி பண்ணணும். மேரனுக்கு வேலை போனப்ப அவரை யாரும் நாட்டை விட்டுக் கிளம்புன்னு சொல்லல.

ஒபாமா வந்ததும் உண்மைதான், 2015 ஜூன்ல, அந்தக் கராஜுக்கே, பக்கத்து வீட்டுக் கூரை மேல ஸ்னைப்பர் நிக்க. ஆனா அவரோட பெரிய எபிசோட் எனக்கு அது இல்ல. 2020 மே மாசம் கூட வாழ்ந்த டைரக்டர் லின் ஷெல்டன் திடீர்னு இறந்து போனாங்க, ரெண்டு மூணு நாள்லயே மைக் முன்னாடி உக்காந்து, அழுதுட்டே, திங்கக்கிழமை எபிசோடைப் போட்டார். அந்தத் துக்கத்தை வெச்சே 2023ல ஹெச்பிஓ சேனலுக்கு ஒரு ஸ்டாண்ட்-அப் ஸ்பெஷல் பண்ணார். சிரிச்சேன் நான், சிரிச்சதுக்கு வெக்கப்படல. வாரத்துக்கு ரெண்டு எபிசோட்னு 16 வருஷம் ஓட்டி, 2025 அக்டோபர்ல இன்னொரு தடவை ஒபாமாவையே வெச்சுப் பேசி, களைப்பா இருக்குன்னு சொல்லி நிறுத்திட்டார்.

அதனால ப்ரோ, வேலையை விடாதீங்க. வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் லாக்-ஆஃப் பண்ணிட்டு பக்கத்துல இருக்கற ஓப்பன் மைக்குக்குப் போங்க, பேர் குடுங்க, ப்ரிங்கர் ஷோவுக்கு மட்டும் ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிடாதீங்க. ரெட்டிகாரு இன்னும் அந்த ஜூஸ் கணக்கைச் சொல்லிட்டு இருக்கார். அப்புறம் ஜோ ரோகன்னு இன்னொரு பெரிய போட்காஸ்ட்காரர் இருக்காரே, அவரைப் பத்தி யாரும் கமெண்ட்ல கேக்காதீங்க, பதில் போட மாட்டேன்.