இரண்டு கலைகளுக்காக ஒரே ராஜினாமாவா?

கேள்வி: எனக்கு வயது 33. ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே கர்நாடக சங்கீதம் கற்றவள். சென்ற ஆண்டு ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து மேடையும் ஏறினேன். புதிய மேலாளர் வந்த பிறகு அலுவலகமே கசந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டுப் பாட்டிலும் நடிப்பிலும் முழுமூச்சாக இறங்க நினைக்கிறேன். வீட்டுக் கடன் இருக்கிறது. கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மேலாளருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஒதுக்கியிருக்கிறீர்கள். இப்போது யாரிடம் பாடம் கேட்கிறீர்கள், தினம் எவ்வளவு நேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மேலாளரிடமிருந்து தப்பிக்க வேறு குழுவுக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறினாலே போதும்; அதற்காக யாரும் பாடகியாக வேண்டியதில்லை. எனவே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

பாட்டையும் நடிப்பையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். ஆனால் இரண்டும் உங்களிடம் கேட்கும் நேரம் வேறு வேறு. சங்கீதத்துக்கு வேண்டியது விடியற்காலையும் மாலையும் வார இறுதியும்தான். பி. உன்னிகிருஷ்ணன் பாரி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் கச்சேரி மேடைகளில் வளர்ந்தார். பிறகு 1994இல் திரைப்படத்தில் பாடத் தொடங்கி, அந்த ஆண்டுக்கான தேசிய விருதையும் பெற்றார். 2015இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் படிப்பை முடித்தவர். உங்கள் நிறுவனம் இன்றைக்கு உங்கள் சாதகத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

நடிப்பு அப்படியல்ல. நாடக ஒத்திகையை அலுவலகம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். படப்பிடிப்பு வார நாளில், காலையிலிருந்து மாலை வரை நடக்கும். இரண்டு நாள் வேலை என்று காரைக்குடிக்கு அழைப்பார்கள்; மழை வந்தாலோ கதாநாயகரின் தேதி மாறினாலோ அது நான்கு நாளாகும். இதற்கெல்லாம் விடுப்புக் கொடுக்கும் நிறுவனம் கிடையாது. துபாயில் கணக்கு வேலை பார்த்துத் திரும்பிய விஜய் சேதுபதி, சென்னையின் நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்து, அங்கே நடிப்பவர்களைப் பார்த்துக் கற்று, பெயர்கூட வராத சிறு வேடங்களில் பல படங்களில் தலைகாட்டிய பிறகே 2010இல் கதாநாயகனானார். அந்த இடைக்காலத்தைப் பட்டினியில்லாமல் கடப்பது எப்படி என்பதுதான் நடிக்க வரும் எல்லோருக்கும் முதல் கேள்வி.

உங்களிடம் அதற்கு விடை இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. மார்கழிக் கச்சேரியை நம்பச் சொல்லவில்லை. இளையவர்கள் பாடும் மதியக் கச்சேரிகளில் பலவற்றுக்கு அனுமதிச் சீட்டே கிடையாது, கச்சேரி நடத்தும் சபா தரும் தொகை வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்தாலே தீர்ந்துவிடும். மேடையில் நாம் பார்க்கும் பாடகர்களில் பெரும்பாலோர் வீட்டில் அடுப்பு எரிவது பாட்டு வகுப்பினால்தான். நமக்குக் காலை 6 மணி என்றால் நியூ ஜெர்சியில் முந்தைய நாள் முன்னிரவு. பள்ளி முடிந்து சாப்பிட்டுவிட்டு, ஸ்ருதிப் பெட்டிச் செயலியை முடுக்கிவிட்டுப் பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்காரும் நேரம் அது. காலையில் அவர்களுக்கு வகுப்பு, மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு என்று அமைத்துக்கொண்டால், நடுவில் பகல் முழுவதும் நடிப்புத் தேர்வுகளுக்கும் படப்பிடிப்புக்கும் உங்களுடையது. வெளியூர்ப் படப்பிடிப்பு வந்தால் வகுப்பைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். மென்பொருள் வெளியீட்டைத் தள்ளிவைக்க முடியாது.

ஆகவே என் யோசனை இது: இப்போது ராஜினாமா செய்யாதீர்கள். இன்னும் ஓராண்டு, சம்பளம் வரும்போதே, ஒரு குருவிடம் திரும்பப் போய் உட்காருங்கள். ஆகாசவாணியின் குரல் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். தேறியவர்களுக்கு அங்கே தரும், 'பி', 'பி ஹை' என்று தொடங்கும் தரவரிசைக்குக் கற்க வரும் பெற்றோரிடமும் சபாக்களிடமும் இன்றும் மதிப்பு உண்டு. நாடகத்தையும் விடாதீர்கள், சின்ன வேடமானாலும் மேடையை விட்டு இறங்காதீர்கள். நிறுவனத்தில் சம்பளமில்லா நீண்ட விடுப்புக்கு வழி இருந்தால் அதை ஒரு நடிப்புப் பயிற்சிக்காக எடுங்கள். வெளியே வகுப்பெடுத்துச் சம்பாதிக்க உங்கள் வேலை ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். இடமில்லை என்றால் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். இன்னொன்று, வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் அந்த நிமிடமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விலகும் நாள் வரும்போது, ஒன்பது ஆண்டு முடித்தவர் என்பதால் உங்களுக்குப் பணிக்கொடை உண்டு; கேட்டு வாங்குங்கள். வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க வேண்டாம். பலரும் மறப்பது மருத்துவக் காப்பீட்டை: நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, வேலையில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

அப்பாவின் மௌனத்தைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. ஓராண்டு அவகாசம் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவரே பேசக்கூடும். கணவரின் "உன் இஷ்டம்"தான் உறுத்துகிறது. அது சம்மதமாகவும் இருக்கலாம், பிறகு "அன்றைக்கே நினைத்தேன்" என்று சொல்வதற்கான முன்னேற்பாடாகவும் இருக்கலாம். அவரை உட்கார வைத்து, வீட்டுக் கடன் தவணையை இரண்டு ஆண்டுகளுக்கு அவர் சம்பளத்தில் மட்டுமே கட்ட முடியுமா என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், நான் மேலே சொன்ன ஓராண்டு ஒன்றரை ஆண்டாகும், அவ்வளவுதான்.