போர்ட்டோவிலிருந்து அவெய்ரோவுக்கு வழிகாட்டியோடு அரைநாள் பயணம் போவது வீண் செலவா?

செப்டம்பரில் அப்பா அம்மாவோடு போர்ச்சுகலில் இருக்கிற போர்ட்டோவுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்தில் கால்வாய்கள் ஓடுகிற அவெய்ரோவுக்கு வழிகாட்டியோடு அரைநாள் பயணம் எடுக்கலாமா, ரயிலில் நாமே போய்வந்தால் போதாதா, வெனிஸ் பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றுமில்லை என்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். பெற்றோரோடு போகிறீர்கள் என்பதால் கட்டாயம் எடுங்கள். ஆனால் கண்ணில் பட்ட முதல் பயணத்தை எடுக்காதீர்கள், உப்பளத்தில் நிற்கிற பயணமாகப் பார்த்து எடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நான் தூத்துக்குடிக்காரி. என் அப்பா வாழ்நாள் முழுக்க உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

முதலில் ஒன்று. வழிகாட்டியோடு போவது சோம்பேறிகளின் பயணம், தானாகத் தேடிப் போவதுதான் உண்மையான பயணம் என்று இங்கே யாராவது பின்னூட்டம் போடுவார்கள் என்று தெரியும். இருபத்தைந்து வயதில் முதுகுப்பையோடு போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். அவெய்ரோ ரயில் நிலையத்திலிருந்து கால்வாய் வரை நேர்ச்சாலையில் இருபது நிமிட நடை, அவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரருக்குப் போக இருபது, வர இருபது என்றால் அன்றைய தெம்பு அதிலேயே முடிந்துவிடும். அங்கிருந்து உப்பளம் ஒரு பக்கம், கோஸ்டா நோவா கடற்கரை இன்னொரு பக்கம். ரயில் கட்டணம் சில யூரோதான், பயணத்துக்கு ஆளுக்கு ஐம்பது அறுபது யூரோ ஆகலாம், வித்தியாசம் பெரிதுதான். மறுக்கவில்லை. எந்த நிறுவனத்துக்காகவும் நான் இதை எழுதவும் இல்லை, நாங்கள் போனது யாரோடு என்று கேட்டாலும் இங்கே சொல்லப்போவதில்லை.

நான் இருப்பது ஜெர்மனியில். அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது ஒரு ஜூலையில் போர்ட்டோ போனோம். அங்கிருந்து அவெய்ரோ தெற்கே எழுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். சின்ன வேன், எங்களையும் சேர்த்து எட்டு பேர். வழிகாட்டி பக்கத்து ஊரான இல்யாவுவைச் சேர்ந்த இளம்பெண். அவளுடைய தாத்தா நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்கு காட் மீன் பிடிக்கக் கப்பலில் போனவராம். பெரிய கப்பலிலிருந்து ஆளுக்கொரு சின்னத் தோணியில் இறங்கி, பனிமூட்டத்தில் நாள் முழுக்கத் தனியாகத் தூண்டில் போட்டுவிட்டு, மாலையில் கப்பலைத் தேடித் திரும்ப வேண்டுமாம். பிடித்த மீனை அங்கேயே உப்புப் போட்டு அடுக்கிக் கொண்டுவருவார்கள். "அந்த உப்பு எங்கிருந்து?" என்று அப்பா கேட்கச் சொன்னார். "இங்கிருந்துதான், இப்போது நேரில் பார்க்கப் போகிறோம்" என்றாள்.

அவெய்ரோவை வெனிஸோடு ஒப்பிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இதனால்தான். வண்ணப் படகு, மூன்று நான்கு கால்வாய், அழகான பழைய வீடுகள் என்று மட்டும் பார்த்தால் ஆமாம், சின்ன ஊர், வெனிஸ் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது உப்பும் கடற்பாசியும் மீனும் வளர்த்த ஊர். அவெய்ரோ உப்பைப் பற்றிய எழுத்துச் சான்று 959ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. கடலோரமாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் காயல் ஒன்று மணல்திட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, கால்வாய்கள் அந்தக் காயலின் கைகள்தான். படகுக்கு மொலிசெய்ரோ என்று பெயர். காயலின் அடியில் வளரும் பாசியை வாரி வயலுக்கு உரமாகக் கொண்டுவந்த படகு அது. கடலோரத்து மணல்காட்டை விளைநிலமாக்கியதே அந்தப் பாசி உரம்தான். ரசாயன உரம் வந்து பாசித் தொழில் படுத்த பிறகுதான் இந்தப் படகுகள் சுற்றுலாவுக்கு வந்தன. பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் கால்வாயில் ஓடுகிறவற்றுக்குப் பாய்மரம் இல்லை, மோட்டார்தான். முகப்பிலும் பின்பக்கத்திலும் இருபுறமும் ஓவியம், அதன் கீழே ஒரு வரி வாசகம். சிலதில் புனிதர்கள், சிலதில் பச்சையான கிண்டல். வழிகாட்டி ஒரு படகின் வாசகத்துக்கு அர்த்தம் சொல்லத் தயங்கி, அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

படகில் முக்கால் மணி நேரம் போகிறது. நன்றாகவே இருக்கிறது, அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். போகிற வழியில் அவள் 1575இல் வந்த பெரும்புயலைப் பற்றிச் சொன்னாள். அதில் முகத்துவாரம் மணல் மூடிப் போனது. கப்பல் வரவில்லை, காயல் தேங்கியது, காய்ச்சல் பரவியது, ஊர் மெல்லக் காலியானது. இருநூறு வருடத்துக்கு மேல் அந்த நிலைதான். பிறகு 1808இல் மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு மறுபடி வழி திறந்தார்கள். பழைய கோட்டைச் சுவரின் கற்களைப் பெயர்த்தெடுத்து அந்த வேலைக்குப் பயன்படுத்தினார்களாம். இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் அப்பா, "நம்ம கொற்கை மாதிரி. ஆனா நம்மாளுக வெட்டல" என்றார். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த மண்ணில் கடல் விலகி இன்றைக்கு வயலுக்கு நடுவே கிடக்கிறது. அதற்கடுத்துப் பெரிய துறையாக இருந்த பழையகாயல் ஊருக்கும் அதே கதிதான், கடைசியில் துறைமுகம் தூத்துக்குடிக்கு வந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அப்பா இதையெல்லாம் எங்கே கேட்டு வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் உப்பளம். ட்ரோங்கலியாடா என்ற பழைய உப்பளத்தை நகராட்சி திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த அளங்களில் இன்று உப்பு எடுப்பவை மிகச் சொற்பம். வேனிலிருந்து இறங்கியதுமே அப்பா எங்களை விட்டுவிட்டு வரப்பு மேல் நடக்க ஆரம்பித்துவிட்டார். முழங்கால் வலி என்று காலையில் படியிறங்க என் தோளைப் பிடித்தவர். ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து பார்த்து, "இதுல தண்ணி இன்னும் இருபது டிகிரி வரல. இது நாளைக்குப் பூக்கும். இதுல ரெண்டு நாள்ல வாரலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். நிறத்தையும் தண்ணீர் மேல் படர்கிற ஆடையையும் வைத்தே சொல்லிவிடுவார், உப்புச் செறிவை டிகிரியில் அளக்கிற மானி எதுவும் வேண்டாம். நான் வழிகாட்டியிடம் சொன்னேன். அவள் அங்கே உப்பு வாரும் பலகையோடு நின்றிருந்த தொழிலாளியிடம் போய்க் கேட்டாள். மூன்றுமே சரி.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் விளக்கம் சொன்னது அப்பாதான். அவர் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தத் தொழிலாளி இடையிடையே போர்த்துக்கீசியத்தில் சொல்ல, வழிகாட்டி அதை ஆங்கிலமாக்க, மற்றவர்கள் எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையும் பாய்ச்சுவார்கள், இங்கே கடல் ஏற்றத்தில் மதகைத் திறந்து விடுகிறார்கள். எங்களுக்கு மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று, இவர்களுக்குக் கோடையில் வடக்கிலிருந்து வீசுகிற காற்று. எங்களுக்கு வருடத்தில் முக்கால்வாசி உப்பு உண்டு, இவர்களுக்குக் கோடை மூன்று நான்கு மாதம்தான், அதனால் பாத்தியும் சிறிது. மற்றபடி தண்ணீரைப் படிப்படியாக முற்றவிடுவது, தரையைக் கெட்டிப்படுத்துவது, நீளக் கம்பில் கட்டிய பலகையால் மெதுவாக இழுப்பது, வரப்போரம் குவிப்பது எல்லாம் ஒன்றுதான். அப்பா அந்தப் பலகையை வாங்கி ஒருமுறை இழுத்துக் காட்டினார். அந்த ஆள் அப்பாவின் பாதத்தைப் பார்த்தார், பிறகு தன் பாதத்தைக் காட்டினார். இருவருக்கும் அதே வெடிப்பு.

நகரத்தின் நடுவே கால்வாய்ப் பாலத்தில் உப்பள ஆணுக்கும் உப்புச் சுமந்த பெண்ணுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது அங்கே நிறுத்தச் சொன்னோம். கூடை சுமந்த பெண்ணை அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் தலைச்சுமையாக உப்புச் சுமந்தவர்தான். வேதாரண்யத்தில் 1930 சத்தியாகிரகத்துக்கு நினைவுத் தூண் இருக்கிறது, அது பெருமைக்குரியது, ஆனால் அது போராட்டத்துக்கு. வெயிலில் நின்று உப்பு வாரியவர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சிலையை நான் பார்த்ததில்லை. யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பயணத்துக்கு விசா வாங்கப் போனபோது அப்பாவின் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை. உப்புத் தண்ணீரிலேயே கிடந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? கவுண்டரில் இருந்தவர் "நல்லா தொடச்சிட்டு வைங்க", "அழுத்தி வைங்க" என்று திரும்பத் திரும்பச் சத்தம் போட்டிருக்கிறார், ஏதோ அப்பா வேண்டுமென்றே சரியாக வைக்காதது போல. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். ஊரில் ரேஷன் கடையிலும் இதே கதைதான், விரல் வைக்கிற எந்த இடத்திலும் இதே கதைதான். உப்பளத்து ஆட்களின் ரேகை தேய்ந்துபோகும் என்பது இந்த இயந்திரங்களை வைக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயமா? அவர்கள் வீட்டுச் சோற்றில் உப்பு இல்லையா? விரலுக்கு மாற்று வழி விதிகளில் இருக்கலாம், ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு மகளோ மகனோ கூட நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? "எல்லாம் இருந்தும் ஒரு விரல்தான் குறை என்கிறார்கள்" என்று அப்பா போனில் சொன்ன குரல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அரைநாளில் எல்லாம் கிடைக்காது. இளவரசி ஜுவானா 1472இல் சேர்ந்து 1490இல் இறக்கும்வரை வாழ்ந்த இயேசு கன்னிமடம் இப்போது அருங்காட்சியகம். பளிங்கில் இழைத்த அவருடைய கல்லறை அங்கே இருக்கிறது. வந்த வரன்களையெல்லாம் மறுத்து மடத்துக்குப் போன அரச மகள் என்றதும் அம்மா உள்ளே போக ஆசைப்பட்டார், நேரம் இல்லை. உங்கள் வீட்டில் இதில் ஆர்வம் இருந்தால் முழுநாள் பயணமாகப் பாருங்கள். ஓவோஸ் மோலெஸ் இனிப்பு எல்லாப் பயணத்திலும் உண்டு. முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி, சங்கு மீன் வடிவ மெல்லிய அப்பத்துக்குள் வைப்பார்கள். கன்னிமடங்களிலிருந்து வந்த பண்டம். தூத்துக்குடி மக்ரூன் வெள்ளைக்கருவில் செய்வது, அதையும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்ததாக ஊரில் சொல்வார்கள். "அவங்க மஞ்சளை வச்சுக்கிட்டு வெள்ளைய நமக்குக் குடுத்துட்டாங்க போல" என்றார் அம்மா. முட்டை சாப்பிடாதவர்கள் உங்களோடு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், பார்த்தால் முட்டைப் பண்டம் என்று தெரியாது.

கோஸ்டா நோவாவில் கோடு போட்ட மரவீடுகள், படம் எடுக்க அரைமணி போதும். பக்கத்துக் கடற்கரையில் 1893இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம், அறுபத்திரண்டு மீட்டர், நாட்டிலேயே உயரமானது. பெரியவர்களை ஏற வைக்காதீர்கள்.

பதிவு செய்யும் முன் எழுதிக் கேளுங்கள்: உப்பளத்தில் இறங்கி நடக்க விடுவார்களா, எவ்வளவு நேரம்? படகிலிருந்து தூரத்தில் காட்டுவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பெரிய பேருந்தில் ஐம்பது பேரோடு போவதையும் தவிருங்கள், அதில் உங்கள் அப்பா ஒரு கேள்வி கேட்கக்கூட இடமிருக்காது. காலைப் பயணத்தில் வெயில் குறைவு, ஆனால் அளத்தில் உப்பு வாருவதைப் பார்க்க வேண்டும் என்றால் எந்த நேரம் சரி என்று அவர்களிடமே கேளுங்கள். செப்டம்பர் என்கிறீர்கள், முதல் இரண்டு வாரத்துக்குள் போங்கள். மழை இறங்கிவிட்டால் பாத்தியில் வெறும் தண்ணீர்தான் இருக்கும்.