மலையூரில் இருந்துகொண்டு மிருதங்கத்தையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா?

முடியும். குன்னூரில் பத்தொன்பது வருடமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாசித்து மட்டும் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கேள்வியென்றால், முடியாது. வீட்டில் 'முதல்ல டிகிரியை முடி' என்கிறார்கள், நீங்கள் அவர்களுக்குத் தெரியாமல் இதைக் கேட்கிறீர்கள், அப்படித்தானே?

என் வருமானத்தில் முக்கால்வாசி சொல்லிக்கொடுப்பதில் வருகிறது. சென்னையில் சீசன் என்றால் மார்கழிக் கச்சேரி. எங்கள் ஊரில் சீசன் என்றால் மே மாதம், பழக்கண்காட்சி, நகராத வண்டிகள். 2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. உள்ளூர் வண்டிக்குத் தேவையில்லை, சரி. கோவையிலிருந்து வரும் வயலின்காரருக்கு நான்தான் உட்கார்ந்து பதிவு செய்கிறேன். பாஸ் வாங்கியும் மனிதர் பர்லியாறு தாண்டி இரண்டு மணி நேரம் நின்றார். அப்புறம் எதற்கு அந்தப் பாஸ்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மலையில் மிருதங்கத்துக்கு எதிரி ஈரக்காற்று. தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் பலாக்கட்டைக்குப் பதில் ஃபைபர் கிளாஸில் மிருதங்கம் செய்து காட்டினார். கட்டை மாறினாலும் தோல் தோல்தானே.

ஒரு ஜூலையில் ஊட்டி மண்டபத்தில் கச்சேரி. பாடும் அம்மாவுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. வீட்டில் கச்சிதமாகச் சுருதி சேர்த்துக் கொண்டுபோன ஹெச்சு (உயர் சுருதி) மிருதங்கம், மண்டபத்தில் உறையைப் பிரித்தபோது அரைக் கட்டை இறங்கியிருந்தது. சுருதியை ஏற்றக் கல்லும் மரக்கட்டையுமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, தட்டுற சத்தம் மைக்குல கேக்குது" என்றார் ஏற்பாடு செய்தவர். தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். சாம்பார் கொதிக்கும் அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, குழந்தையைக் குளிர்காய வைக்கிற மாதிரி, கறுப்புப் பொட்டு வைத்த வலந்தலைப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அப்போதுதான் மறுபக்கமான தொப்பிக்கு ரவை எடுத்து வரவில்லை என்று உறைத்தது. ரவை பிசைந்து ஒட்டாவிட்டால் தொப்பியில் கும்மென்ற அந்தக் கும்காரம் ஏது? சமையல் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேசரிக்கு அளந்து வெச்சதுங்க" என்று சொல்லி ஒரு பிடி கொடுத்தார்.

அன்றைக்கு நன்றாகவே வாசித்தேன். தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்த நாலாவது நிமிடத்தில், கேசரி ஆறுகிறது, சுருக்கமாக முடியுங்கள் என்று சீட்டு வந்தது. சுவரொட்டியில் என் பெயர் 'மற்றும் குழுவினர்'. கவரில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கலையைக் காசால் அளக்கிறான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் ஒரு முறை மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது தோல் வளையம், மாற்றிச் செலவைப் பார்க்கட்டும்.

கோர்வை, அதாவது முத்தாய்ப்பாக மூன்று தரம் வரும் சொற்கட்டு, கட்டுவது என் சொந்தச் சந்தோஷம், அதற்கு யாரும் காசு தருவதில்லை. பிள்ளைகளுக்கென்று சின்னச் சின்னதாகக் கட்டுவேன். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆக 32. 'ததிங்கிணதொம்' ஐந்து மாத்திரை, இரண்டு முறை சொன்னால் பத்து. பத்தை மூன்று தரம் வைத்து, இடையில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 10+1+10+1+10, சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும். பச்சைத் தேயிலை எடைபோடுவதையும் ஈரத்துக்குக் கிலோ கழிப்பதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், கணக்கை டக்கென்று பிடிப்பார்கள்.

இப்போது ஒரு சிறுமி வருகிறாள், இடக்கைக்காரி. கையை மாற்றிவிடுங்கள் என்று அவள் அம்மா கெஞ்சினார். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையே இடக்கைதான் அம்மா, மேடையில் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் உட்காரும் பக்கத்தை மாற்றினால் போதும், கையை அல்ல என்றேன். எனக்கு எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு நான் கண்ணாடி. மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள்.

நீங்கள் டிகிரியை முடித்துவிடுங்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். நட்டு போல்ட் வைத்த மிருதங்கம் ஒன்று வாங்குங்கள், மழைக்காலத்தில் ஸ்பானரால் இரண்டு திருகு திருகினால் ஓரளவு நிற்கும். கச்சேரிக்கு ஒத்துக்கொள்ளும்போதே தொகையைப் பேசிவிடுங்கள். எனக்கு அது இன்றைக்கும் வாயில் வருவதில்லை.