கோபத்தை விழுங்கினால் மன்னித்ததாகுமா?

கேள்வி: சொத்து விஷயத்தில் என் அண்ணன் என்னை எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசினார். விசுவாசி கோபப்படக் கூடாது என்று நினைத்து நான் வாயே திறக்கவில்லை. ஒரு வருஷம் ஆகிறது. ஜெபத்தில் 'மன்னித்துவிட்டேன்' என்கிறேன். ஆனால் அவர் பேச்சை எடுத்தாலே நெஞ்சு இறுகுகிறது. தூக்கம் இல்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். என் விசுவாசம் குறைவானதா?

பதில்: இல்லை சகோதரி. கோபமே பாவம் என்று நினைத்துக்கொண்டதுதான் உங்களை இந்தப் பாடு படுத்துகிறது. ஓய்வுநாளில் சூம்பின கையுள்ளவனைப் பார்த்தும் மனம் இரங்காமல் நின்றவர்களை இயேசு கோபத்துடன் சுற்றிலும் பார்த்தார் (மாற்கு 3:5). கோபம் வந்தாலும் பாவம் செய்யாதீர்கள், பொழுது சாய்வதற்குள் அது தணியட்டும் என்பதுதான் பவுலின் ஆலோசனை (எபேசியர் 4:26). கோபம் உள்ளேயே தங்குவதுதான் ஆபத்து.

தாவீது ராஜாவின் மகன் அப்சலோமைப் பாருங்கள். தங்கை தாமாரை, தாவீதின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த அம்னோன் கெடுத்தபோது அவனுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அம்னோனிடம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை. தாவீதுக்கும் கடும் கோபம் வந்தது. ஆனால் அம்னோனைத் தண்டித்ததாக வேதத்தில் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அப்சலோம் அம்னோனை விருந்துக்கு வரவழைத்துக் கொல்லவைத்தான் (2 சாமுவேல் 13). நீங்கள் அந்த அளவுக்குப் போவீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாத கோபம் இப்போது ஒரு தப்பும் செய்யாத உங்கள் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. அவர்களிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள்.

அப்புறம், ஜெபத்தில் 'மன்னித்துவிட்டேன்' என்பதற்கு முன், 'ஆண்டவரே, அண்ணன் எனக்குச் செய்தது அநியாயம்' என்று சொல்லுங்கள். தப்பே நடக்கவில்லை என்றால் மன்னிக்க என்ன இருக்கிறது? 55ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் தாங்கியிருப்பேன், நீயோ என் தோழன் என்று புலம்பும் பாட்டு அது. சொந்தக்காரர் தந்த காயத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஜெபம் எனக்குத் தெரியாது. அழுகை வந்தால் அழுங்கள். தலையணையைக் குத்தினால் தீரும் என்பார்கள். அது கோபத்தைக் குறைப்பதில்லை.

மனம் ஓரளவு அடங்கியதும் அண்ணனைத் தனியாகப் பாருங்கள். மத்தேயு 18:15 சொல்லும் வழி அதுதான். மற்ற உறவினர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்; ஜெபக் குறிப்பு என்ற பெயரில் சபையில் பரப்பவும் வேண்டாம். 'அண்ணா, அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீங்கள் பேசினது எனக்கு ரொம்ப வலித்தது' என்று சொன்னால் போதும். பழைய கணக்குகளை இழுக்காதீர்கள். கை ஓங்குகிற சுபாவம் உள்ளவர் என்றால் தனியாகப் போகவே கூடாது.

அவர் மன்னிப்புக் கேட்காமலும் போகலாம். 'உங்களாலானமட்டும்' சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 கேட்கிறது. அவருடைய பங்கு உங்கள் பொறுப்பல்ல. பழிவாங்காமல் இருப்பது வேறு, சொத்தில் உங்கள் பங்கைக் கேட்பது வேறு. பங்கு கேட்பதால் நீங்கள் மன்னிக்கவில்லை என்று ஆகாது.

தூக்கமின்மை இவ்வளவு நாளாக நீடிப்பதால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ சீக்கிரம் பாருங்கள். ஜெபித்துக்கொண்டே சிகிச்சை எடுப்பதில் தவறே இல்லை.